எல்லாம் பிழைத்த தட்டுகள்

லேப் இன்குபேட்டரைத் திறந்தேன். எல்லாத் தட்டிலும் ஈஸ்ட் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. பாழாய்ப் போனது, பாதியாவது செத்திருக்கக் கூடாதா?

காமா கதிர் பட்டால் ஈஸ்ட் சாகும். அதற்கு முன்னால் இதமாகச் சூடு காட்டினால், அந்தச் சின்ன அவஸ்தையிலேயே உஷாராகிக் கதிரைத் தாங்கிக்கொள்ளும். இதுதான் என் ஆராய்ச்சி. சூடு பட்டது பிழைக்க வேண்டும், படாதது சாக வேண்டும். முதல் தடவை அப்படித்தான் வந்தது. மறுபடியும் வந்தால்தான் செல்லும்.

என் கைடு சகுந்தலா மேடம் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையே ஹம்ஸினி. கதிர் மெஷின்ல இனிமே நமக்கு முறை கிடையாது. உன் ஃபெல்லோஷிப்பும் இந்த மாசத்தோட முடியுது. இதை வெச்சு தீசிஸ் எழுத முடியாதும்மா."

சைனிக்புரி வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேனோ தெரியாது. என் கணவன் உமேஷ் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தான். சமையலறை அவன் ராஜ்ஜியம்.

"எல்லாமே பிழைச்சுடுத்து உமேஷ்" என்று விம்மினேன்.

"அப்படியா? அப்போ நான் பண்ணினது வீண் போகலை!"

"நீ என்ன பண்ணினே?"

"கதிர் மெஷினுக்குக் கொண்டு போறதுக்கு முந்தின ராத்திரி லேப்ல கரண்ட் இல்லைன்னு ரெண்டு ஈஸ்ட் டப்பாவை நம்ம ஃபிரிட்ஜ்ல வெச்சியே. ஒண்ணுல 'ஹீட்டட்'னு எழுதியிருந்தே. இன்னொண்ணை மறந்துட்டே போலன்னு, குளிர் நாள்ல மாவு புளிக்க வைக்கிற மாதிரி, வெந்நீர்ப் பாத்திரத்தோட ஓவன்ல வெச்சு எடுத்தேன். நீ அசந்து தூங்கிண்டிருந்தே, எழுப்ப மனசு வரலை."

"அடப்பாவி!"

பையை விட்டெறிந்தேன். ஈஸ்ட் என்னை ஏமாற்றவில்லை. நான் சொன்னது சொன்னபடியே நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஓவனில் எவ்வளவு சூட்டில் எத்தனை நேரம் இருந்தது என்று யார் கண்டது? இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

விஷயம் புரிந்ததும் உமேஷின் முகம் செத்துவிட்டது. "மறுபடி பண்ண முடியாதா?"

"முடியாது."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அழாதே ஹம்ஸு. கொஞ்சம் ஸ்ட்ரெஸ் நல்லதுன்னு நீதானே சொல்லுவே?"

ஐந்து வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் நான் பேசிய பேச்சில் அவன் காதில் ஏறியது அது ஒன்றுதான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அளப்பதற்குத்தான் அந்த ஐந்து வருஷமும் போயிற்று.