மூக்கு எரியாத சுத்தம்

மகள் தினமும் போனில், "எப்பம்மா வந்து கூட்டிட்டுப் போவ?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். போன வாரத்திலிருந்து கேட்பதையே விட்டுவிட்டாள். அத்தை வீட்டில் அவளுக்கென்று ஒரு அலமாரி ஒதுக்கிக் கொடுத்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை அம்மா இல்லாமல் இருக்கப் பழகிவிட்டால், அப்புறம் நான் எதற்கு?

மூச்சிரைப்பு வந்ததால்தான் அவளை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். படுக்கையறைச் சுவரில் பீரோவை ஒட்டிக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. "அது போறவரைக்கும் பிள்ளை அந்த ரூம்ல படுக்கக்கூடாது," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் துடைக்காமல் இல்லை. துடைத்தால் போகும். பத்து நாளில் பல்லை இளித்துக்கொண்டு திரும்பி வந்து நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். டெப்போவில் அவருக்குப் 'புயல்' என்று பெயர். பஸ்ஸை என்னவோ நிதானமாகத்தான் ஓட்டுவார், மற்றதெல்லாம் புயல்தான். வாளி நிறைய பிளீச்சிங் தண்ணீரோடு வந்து நின்றார். இன்னொரு கையில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட். மூடியை வேறு திறந்தாயிற்று.

"ரெண்டையும் கலந்து அடிச்சா ஒரே போடா போட்டுடலாம்."

"ஐயோ, ஊத்தாதீங்க! ரெண்டும் சேர்ந்தா விஷப்புகை வரும். பூஞ்சை போகுதோ இல்லையோ, நாம போய்ச் சேந்துடுவோம்!"

"கொஞ்சம் நெடி அடிக்கும், அவ்வளவுதானே? மூக்கு எரிஞ்சாத்தான் சுத்தமாச்சுன்னு அர்த்தம்."

"யார் மூக்குங்க? உங்க பொண்ணு மூக்கா?"

மனுஷர் ஆசிட்டை மூடி வெளியே கொண்டுபோய் வைத்தார். வாளியையும் நானே அப்புறப்படுத்தினேன். சும்மா இருப்பாரா? "அப்ப மேல ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சிடலாமா?" என்றார்.

"கழுவாத மூஞ்சிக்குப் பவுடரா? பேசாம அந்த ஜன்னலைத் திறங்க."

ஜன்னல் திறக்கவில்லை. போய்ப் பார்த்தால், இடுக்கு விடாமல் சுற்றிலும் அகலமாக டேப் ஒட்டியிருக்கிறது. திரை மறைத்திருந்ததால் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

"நான்தான் ஒட்டினேன். குளிர்காத்து பட்டா அவளுக்கு இருமல் வருமேன்னு..." என்று இழுத்தார்.

வாயில் வந்த வசவை விழுங்கப் பார்த்தேன். பாதியைத்தான் விழுங்க முடிந்தது. "நல்லா இருக்குங்க உங்க பாசம்! மழைன்னு ஈரத்துணி அத்தனையும் இந்த ரூம்லதான் காயுது. அந்த ஈரம் எந்த வழியா வெளிய போகும்? சுவத்துலதான் போய் உக்காரும்!"

முகம் சுண்டிப்போய், நகத்தாலேயே டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.

ஜன்னலை அகலத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டோம். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் பொடி பறந்து மூக்குக்குள் போகும். அதனால் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் துடைத்தேன். கந்தலைப் பையில் போட்டுக் கட்டினேன். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். நமுத்து நாறிய மெத்தையை மனசில்லாமல்தான் தூக்கிப் போட்டேன். கடைசியில் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி, ஈரம் போகும்வரை ஓடவிட்டோம். தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது.

அதன்பிறகு தினமும் காலையில் ஜன்னலைத் திறப்பதும் சுவரைத் தொட்டுப் பார்ப்பதும்தான் எனக்கு முதல் வேலை. ஒருநாள் மழையில் எங்கள் வீட்டுப் புயல் துணிக்கொடியை அறைக்குள் நைசாக நகர்த்தினார். "அங்க ஒரு கைக்குட்டை காஞ்சாலும் நடக்கிறதே வேற!" என்றேன். கொடி வந்த வழியே வராண்டாவுக்குப் போனது.

பத்து நாள் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. சுவர் சுவராகவே இருந்தது. செல்லில் எடுத்த சுவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "கூட்டிட்டு வாங்கம்மா," என்றார் டாக்டர்.

நாத்தனார்தான் அழைத்து வந்தார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள், புது மெத்தை போட்ட கட்டிலில் குதித்தாள், தலையணையைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் அத்தை கிளம்பும்போது இவளும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாளோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நாத்தனார் எழுந்தார். மகளும் எழுந்து வாசல்வரை கூடவே நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கதவு நிலையைப் பிடித்து நின்றவள், பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்:

"போயிட்டு வாங்க அத்தை. எங்க வீட்டுக்கு அடிக்கடி வரணும், என்ன?"

"அடிப்பாவி! இத்தனை நாள் ஊட்டி வளர்த்த என்னையே விருந்தாளி ஆக்கிட்டியே!" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழுதேன்.