இன்னும் ஐந்து ரன்

சனிக்கிழமை யமகண்டம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை. பெண் பார்க்க வருகிறவர்கள் மூன்றுக்கு மேல் வந்தால் போதும் என்று தரகர் கங்கையாவிடம் செல்லியம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் திருத்தணியிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்த ரயில் ஒன்றே காலுக்கே புத்தூருக்கு வந்துவிட்டது. அடுத்த வண்டி ஐந்து மணிக்கு மேல்தான். அதனால் மாப்பிள்ளை தணிகாசலமும் அவன் அம்மா பொன்னியம்மாளும் கூடத்து நாற்காலிகளில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, மூன்று மணிக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை பெண் உள்ளறையை விட்டு வெளியே வரக்கூடாது.

வரலட்சுமி பட்டுப்புடவை கசங்காமல் கதவோரம் நின்று, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, தன் அப்பாவை.

வேதாச்சலம் முப்பது வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். ரேணிகுண்டா ரயில்வே அணிக்கு விக்கெட் கீப்பராகவும் இருந்தவர். எஞ்சினின் இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற ஆறு வருடத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. இதைத்தான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. காது பிரச்சினை பரம்பரையாக வரும் என்று ஏற்கெனவே ஒரு வீட்டார் பெண் பார்க்க வராமலே பின்வாங்கிவிட்டார்கள். கங்கையா இந்த முறை திருத்தணிக்குப் போய், "மனிஷி மஞ்சோடு, மாட்டலு தக்குவ" என்று தெலுங்கில் சுருக்கமாக முடித்துவிட்டார். நல்ல மனிதர், பேச்சுத்தான் குறைவு. வருகிறவர்கள் எது சொன்னாலும் தலையாட்டினால் போதும் என்று செல்லியம்மா காலையிலேயே கணவருக்கு எழுதிக் காட்டியிருந்தாள். அவரும் கழுத்து வலிக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம்தான் சங்கடத்தை உண்டாக்கினான். பம்பாயில் இன்று டெஸ்ட் தொடங்குகிறது, ரேடியோ போடலாமா என்று மெதுவாகக் கேட்டான். வேண்டாம் என்று சொல்லச் செல்லியம்மாவுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டுத் திருகினாள்.

ரேடியோவில் விளக்கு எரிந்ததும் வேதாச்சலம் நிமிர்ந்தார். அவருடைய வலது கை தானாக முழங்கால் மேல் வந்து, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்துகொண்டது.

அந்தக் கை எதற்காக விரிந்தது என்று வரலட்சுமிக்குத் தெரியும்.

டெஸ்ட் தொடங்கும் நாளென்றால் அவள் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிடுவாள். அப்பாவின் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வர்ணனையைக் கேட்டுக் கேட்டு அவர் உள்ளங்கையில் விரலால் சொல்வாள். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஒன்று, இரண்டு என்றால் அத்தனை கோடு. நாலு என்றால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒரே இழுப்பு. மற்றதெல்லாம் எழுத்து. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வேறு யாரும் இந்த வேலையைச் செய்ததில்லை. அதற்காகத்தான் அவள் இதற்கு முன் வந்த மூன்று இடங்களுக்கும் மூக்கு சரியில்லை, ஊர் தூரம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிவிட்டாள். இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. இந்த இடம் அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது. அவள் போனால் ஊர் மட்டுமல்ல, ராஜ்யமே வேறு.

இன்று பார்த்து ஆடிக்கொண்டிருந்தது பெரியவர். அப்பாவும் அவளும் அந்த ஆட்டக்காரருக்கு வைத்திருந்த பெயர் அது. முப்பத்தெட்டு வயது. இந்தத் தொடர்தான் அவருக்குக் கடைசி என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டெஸ்டில் இரண்டாயிரம் ரன் தொட அவருக்கு இன்று ஐம்பத்திரண்டு வேண்டும். மறுமுனையில் நின்றவரும் பழைய ஆள்தான், அவருக்கு இது நாற்பதாவது டெஸ்ட். சாப்பாட்டு இடைவேளையில் முப்பதில் இருந்த பெரியவர், இரண்டு மணிக்கு நாற்பத்தேழில் நின்றார்.

இன்னும் ஐந்து.

வர்ணனையாளரின் குரல் ஏறிக்கொண்டே போனது. தணிகாசலம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். வேதாச்சலம் அவன் முகத்தையே பார்த்தார். எதிரில் இருக்கும் முகத்திலிருந்து ஸ்கோரைப் படிக்கப் பார்க்கிறார் என்று வரலட்சுமிக்குப் புரிந்தது. படிக்க முடியவில்லை. அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். பிறகு செல்லியம்மாவின் கட்டளை நினைவு வந்தவர்போல் அவசரமாகத் தலையாட்டினார். யாரும் அப்போது எதுவும் கேட்டிருக்கவில்லை.

வரலட்சுமி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

செல்லியம்மா பதறி எழுந்தாள். "ஏய், மணி ரெண்டே கால்கூட ஆவல."

அதைவிட வேகமாகப் பொன்னியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். யமகண்டத்தில் பெண்ணைப் பார்த்தால் தொடங்கிய காரியம் நிலைக்காது. மகனின் தோளைப் பிடித்து அவனையும் திருப்பினாள். "பாக்காதடா. அந்தப் பக்கம் திரும்பு."

அம்மாவும் பிள்ளையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, வரலட்சுமி தரையில் அமர்ந்து அப்பாவின் கையை எடுத்தாள். 47 என்று எழுதினாள். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. பிறகு இரண்டு கோடு.

"நாப்பத்தொம்போது," என்றார் வேதாச்சலம். தம் குரலின் அளவு தமக்கே தெரியாததால் அது தெருமுனைவரை கேட்டது. தணிகாசலத்தின் முதுகு ஒருமுறை அசைந்தது.

ஒரு ரன். ஐம்பது. ரேடியோவில் கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த ஓவரில் மிச்சமிருந்த பந்துகளை மறுமுனைக்காரர் ஆடினார். வரலட்சுமி இரண்டு புள்ளிகளை வைத்தாள். அப்பாவின் உள்ளங்கை வியர்த்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். பிறகு பெரியவர் ஒரு பந்தை மெல்லத் திருப்பிவிட்டு ஓடினார், திரும்பி ஓடினார். அவள் இரண்டு கோடு இழுத்து, அதன் கீழே இரண்டாயிரத்தை எண்ணாக எழுதினாள்.

வேதாச்சலம் எதையும் கத்தவில்லை. மகளின் தலைமேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டு, சிறுபிள்ளைபோல் அழுதார்.

கூடத்தில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. செல்லியம்மா அதை அணைத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, சொன்னால் வரமாட்டீர்கள் என்று மறைத்துவிட்டோம், தப்புத்தான் என்று தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"பரம்பரையா?" என்று பொன்னியம்மாள் சுவரைக் கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் வரலட்சுமி. "இஞ்சின்ல போச்சு."

தணிகாசலம் தொண்டையைச் செருமினான். சுவரில் ரயில்வே அணியின் குரூப் போட்டோ மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியில், ஒரு பெண்ணின் விரல் ஒரு கிழவரின் கையில் ஊர்ந்ததைத்தான் இத்தனை நேரமும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆட்டக்காரர் வயசுதான் எனக்கும். முப்பத்தெட்டு," என்றான். "கங்கையா உங்களாண்ட முப்பத்திநாலுன்னு சொல்லியிருப்பாரு."

"அத்த இப்போ யாருடா கேட்டாங்க உன்ன?" என்றாள் பொன்னியம்மாள்.

தங்கைகள் மூவருக்கும் கலியாணம் செய்து முடிக்க அத்தனை வருடம் ஆகிவிட்டது என்று அவன் சொன்னான். தபாலாபீஸ் வேலை, ராஜ்யம் எப்படிப் பிரிந்தாலும் மாறாது. மறைத்தது தங்களுக்கும் தப்புத்தான். அவன் நாற்காலியில் அசையாமல், ஒவ்வொரு சொல்லையும் போட்டோவில் இருந்த விக்கெட் கீப்பரிடம் சொல்வதுபோலச் சொன்னான். வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பார்க்க வந்த ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவு உண்மை பேசுவான் என்று அவள் நினைத்ததே இல்லை.

வேதாச்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று மகளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சுருக்கி எழுதினாள். கடைசியில், எழுதலாமா என்று யோசித்து, இன்னொரு வரியும் எழுதினாள்.

"நீ போயிட்டா எனக்கு ஸ்கோர் சொல்ல யாரா?" என்று அவர் வீடு அதிரக் கேட்டார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் கேள்வி கூடத்துக்கு வந்துவிட்டது. செல்லியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கும் தூரமும் காரணமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதுக்கா மூணு எடத்த வேணாம்னே?" என்று வேதாச்சலம் மகளை அதட்டினார். "பைத்தியமே. முப்பது வருசம் இந்த லைன்ல வண்டி ஓட்டிக்கினு இருந்தவன் நான். மேட்சு நாளானா காலை வண்டி ஏறி திருத்தணி வந்துடறேன். ரயில்வே பாஸு கீது எங்கிட்ட. ராஜ்யம் மாறினா தண்டவாளத்தப் பேத்துடுவாங்களா?"

"எங்க வூட்ல ரேடியோ கெடையாதே," என்றாள் பொன்னியம்மாள் நிஜமான கவலையோடு.

"வாங்கிடலாம்மா," என்றான் தணிகாசலம். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "அவங்க இஷ்டம் என்னான்னு கேளுங்க" என்றான்.

வேதாச்சலத்துக்காக வரலட்சுமி அதையும் எழுத வேண்டியிருந்தது. அதன் கீழே, அவர் கேட்பதற்கு முன்பே, இரண்டே எழுத்தில் பதிலையும் எழுதினாள்.

அவர் வெகுநேரம் தம் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் தணிகாசலத்தின் தோளருகே குனிந்தார்.

"சரிங்குது," என்றார். எப்படியோ அந்த ஒரு சொல் மட்டும் ரகசியம்போல் மெல்ல வந்தது.

செல்லியம்மா கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். இரண்டரை. பொன்னியம்மாள் முகத்தைத் திருப்பவே இல்லை. முந்தானையை இழுத்துக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள்.

"என் காதுல ஒண்ணும் விழல. மூணு மணிக்கு மேல சொல்லுங்க," என்றாள். "அதுவரைக்கும் அந்த ரேடியோவப் போடும்மா. பாவம், வூட்டுப் பெரியவரு காத்துக்கினு இருக்காரு."