வெயிலில் காய்ந்த கோட்டு

வட்டகொடைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு மழைக்கோட்டு கொண்டுவந்து கொடுத்தவன் துஷாந்த். அட்டனில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். நம்ம புள்ள என்று தொழிலாளர் குடியிருக்கிற லயமே உச்சி குளிர்ந்தது. சும்மா கொடுத்தால் யாருக்குத்தான் குளிராது?

நெருக்கமாக நெய்த பிளாஸ்டிக் துணி, மேலே ஏதோ பூச்சு. தண்ணீர் ஊற்றிக் காட்டினான். சேம்பு இலையில் உருள்கிற மாதிரி உருண்டு ஓடியது. வெயில் பட்டால் அதே பூச்சு தண்ணீரை உள்ளே இழுக்கும், இருட்டில் நாட்கணக்கில் கிடந்தால்தான் பழையபடி ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சோதிக்கத்தான் வந்திருந்தான்.

கோட்டு வாங்கினவர்களில் பேச்சியம்மாவுக்கு நெஞ்சுச் சளி. இன்னொரு தடவை நனைந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த வீடு போய்விடும். மற்றப் பெண்கள் கோட்டை ஈரத்தோடு சுருட்டிக் கூடைக்குள் திணித்தார்கள். பேச்சியம்மாவின் மகள் சுலக்ஷனாவோ, இடுப்பில் கட்டுகிற படங்கைக் காயப்போடுகிற பழக்கத்தில், காலையிலேயே அதைக் கூரைத் தகரத்தில் விரிப்பாள். மேகம் கூடியதும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கொடுக்க மலைக்கு ஓடுவாள்.

"நனையுதுடி" என்றாள் பேச்சியம்மா.

"சரியாக் காயலம்மா. நாளைக்கு இன்னும் வெள்ளனவே போடுறேன்."

துஷாந்த் ஒருநாள் லயத்துப் பக்கம் வந்தான். தகரத்தில் கிடந்த கோட்டைப் பார்த்து, சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டான். பேச்சியம்மா இருமிக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தாள்.

"நல்லா இருப்பீங்க தம்பி."

வாங்கிக் குடித்துவிட்டுப் போனான், பாவி.

அடுத்த வாரம் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன லொறியிலேயே பிணமாகத் திரும்பி வந்தாள்.

கருமாதி முடிந்ததும் துஷாந்த் கோட்டைத் திரும்ப வாங்க வந்தான். சுலக்ஷனா மடித்துக் கொடுத்தாள்.

"எங்கம்மாவோடது மட்டும் ஏன் சார் நனைஞ்சிச்சி? மத்தவங்களுக்கு ஒன்னும் ஆகலையே?"

"வெயில்ல போட்டீங்கல்ல, அதான். வெயில் பட்டா இந்தத் துணி தண்ணியக் குடிக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா நீங்களும் இருட்டுல வச்சிருப்பீங்க. எனக்கு ஒப்பிட்டுப் பாக்க ஒன்னு வேணும்ல?"

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். நான்தான், நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கும் வரை அவன் காத்திருந்தான். பொறுமைசாலி.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெயில்ல கெடந்திருக்கும்?"

சார் கேட்கிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வெயில் வந்ததுலருந்து மழ இருட்டுற வரைக்கும் சார். அம்மா நனையக் கூடாதுன்னு, ஒரு நிமிசங்கூட நெழல்ல விடல."