அறுபது குதிரை

பட்டறையில் எல்லோரும் அவரைத் தசமம் என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இல்லாமல் எந்தக் கணக்கையும் கையை விட்டு அனுப்பமாட்டார். கல்யாண மோதிரம் வாங்கும்போதுகூடப் பெண்ணின் விரலுக்கு வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்த ஆள் என்று வெல்டர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மொத்தமாக வெளுத்துத் தரும் சலவை ஆலை ஒன்று, நிலக்கரியில் எரியும் பழைய கொதிகலன் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, குழாய் வேலையையும் வால்வு வேலையையும் அந்தப் பட்டறைக்குக் கொடுத்தது. ஆலையில் கொதிகலனை ஓட்டுகிறவர் தசமத்தின் அக்கா புருஷன். சொந்த மனிதர் நிற்கும் இடம் என்பதால் தசமம் வழக்கத்தைவிடக் கவனமாகவே கணக்குப் போட உட்கார்ந்தார். கொதிகலனின் முகப்பில், பித்தளைத் தகட்டில், அறுபது குதிரைத்திறன் என்று பொறித்திருந்தது. அதைக் கிலோவாட்டாக மாற்றினார். அந்தச் சூட்டுக்கு எவ்வளவு நீராவி கிளம்பும், அழுத்தம் எல்லை மீறினால் அத்தனையையும் வெளியே தள்ள எவ்வளவு பெரிய பாதுகாப்பு வால்வு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டார்.

வால்வு வந்து இறங்கியபோது அத்தான் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். என்னடா, பொம்மைக் கடையில வாங்கினியா என்று கேட்டார். ஆனால் மறுபேச்சுப் பேசவில்லை. மச்சான் போட்ட கணக்கு என்று சொல்லிக்கொண்டே தானே பிடித்து முடுக்கினார்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் ஆலையில் மின்சாரம் போனது. விரிப்புகளைத் தேய்க்கும் உருளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. நீராவி போக வழியில்லை. அடுப்பிலோ கரி கனகனவென்று எரிந்துகொண்டிருந்தது. அத்தான் மடிப்புக் கூடத்துப் பெண்களை வெளியே விரட்டிவிட்டு, நீண்ட கம்பியால் நெருப்பை வெளியே வாரி இழுக்கப் போனார். பாதி இழுத்திருப்பார். கொதிகலன் வெடித்தது. அவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் அதே ஆலை வெளுத்து அனுப்பிய விரிப்பில்தான் கிடத்தினார்கள். மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆலை மேலாளர் விசாரணை அதிகாரியிடம், ஆள் கண் அயர்ந்துவிட்டார், தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை என்று சொன்னார். செத்தவன் வந்து மறுக்கப் போகிறானா என்ன.

துக்கம் விசாரிக்க வந்த மடிப்புக் கூடத்துப் பெண் ஒருத்தி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அந்த வால்வு கடைசி வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தது, ஒரு நொடிகூட நிற்கவில்லை என்றாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தசமத்தின் கை அப்படியே நின்றது. வால்வு திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. திறந்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் வால்வு போதவில்லை என்று அர்த்தம்.

காலையில் பட்டறைக்குப் போய்த் தன் கணக்கை எடுத்துப் பார்த்தார். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. மூன்று தசமமும் சரி. பிறகு பழைய கையேடு ஒன்றைத் தேடி எடுத்துப் புரட்டினார். மோட்டாருக்குச் சொல்லும் குதிரைத்திறன் ஒன்று, கொதிகலனுக்குச் சொல்லும் குதிரைத்திறன் வேறொன்று. முதலாவது தண்டைச் சுழற்றும் வேலைக்கு அளவு, முக்கால் கிலோவாட். இரண்டாவது வெப்பத்துக்கு அளவு, பத்து கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பேர்தான் ஒன்று. அவர் மோட்டாரின் குதிரையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். கொதிகலன் கிளப்பிய நீராவி அவர் நினைத்ததைப்போல் பதின்மூன்று மடங்கு.

விஷயத்தைக் கேட்ட பட்டறை முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஊர் வாயை நாமாகத் திறக்க வேண்டாம், போனவர் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவர்களைப் பாருங்கள் என்றார். அந்தப் பேச்சு தசமத்துக்கு இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பகல் முழுக்க அதை மனசுக்குள் போட்டுப் புரட்டினார். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழாயை மூடினாள்.

"அப்போ அவரு தூங்கலை."

"இல்லக்கா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் கணக்கு."

"அந்த ஆபீசர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு..."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அப்பா தூங்கிட்டாருன்னு ஸ்கூல்ல சொல்றாங்களாம், என் பையன் வந்து கேட்கிறான். போய் அங்க சொல்லு." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டு இங்க வராத தம்பி. உன் முகத்தைப் பார்க்க என்னால ஆகாது."

மறுநாள் அதிகாரியின் எதிரே உட்கார்ந்தவர் முதலில் சொன்னது அத்தானைப் பற்றி அல்ல. "இதே கணக்குல நான் போட்ட வால்வோட இன்னொரு பாய்லர் ஓடிக்கிட்டிருக்கு சார். ஒரு பால் பண்ணையில. அதை உடனே நிறுத்தச் சொல்லுங்க." அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். நெருப்பை வெளியே இழுத்துவிட்டார்கள் என்று பண்ணையிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் தசமம் மற்றதைச் சொன்னார், சொன்னதன் அடியில் கையெழுத்துப் போட்டார்.

தசமத்தின் தொழில் உரிமம் போனது. வழக்கு இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் சிறையும் வந்தது. விசாரணை அறிக்கையில், கொதிகலன் ஓட்டுநர் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார் என்று ஒரு வரி இருந்தது. அக்கா பையன் அதை வெட்டியெடுத்து அப்பா படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள்.

வெளியே வந்த பிறகும் தசமம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர் மனைவி மட்டும் போய்வருவாள். ஒரு தடவை அக்கா, அவன் ஒழுங்கா சாப்பிடுறானா என்று கேட்டாளாம். சாப்பிடுறார் என்று இவள் சொன்னதும், எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து வேறு பேச்சு ஆரம்பித்தாளாம்.