கழற்றிய கூரை

எழுபத்தேழாம் வருசம், ஐப்பசி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் மேற்கே வருகிறது என்று கங்காணி கண்ணுச்சாமியின் ரேடியோ சொன்னது. போடிமெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் அவர் வீடு வீடாகப் போனார். ஓடைக்கு அக்கரையில் ஏலக்காய் ஸ்டோர் கல் கட்டடம், எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, சந்திரவல்லி வீட்டு வாசலில் மட்டும் குரல் இறங்கிப் போனது.

உள்ளே கட்டிலில் அவள் புருசன் ராமர் கிடந்தான். நிழல் மரத்தில் கொப்பு கழிக்க ஏறி விழுந்தவன். தொடை எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஓடையில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் தூக்குகிற நாலு பேரும் சேர்ந்தே போக வேண்டியதுதான்.

"நீயாச்சும் வா தாயி" என்றார் கண்ணுச்சாமி.

"நான் இங்கதான் இருப்பேன், அண்ணே. நீங்க வெரசா போங்க, தண்ணி ஏறுது."

அவர் போனதும் வீட்டைச் சுற்றி வந்தாள். மண் சுவர், அதன்மேல் கூரைக் கழிகள், மேலே பதினொரு தகரம். பின்பக்கம் மலையை வெட்டிய மண்கரையே சுவர். வாசல் போடிப் பள்ளத்தைப் பார்த்தது. காற்றும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏறி வந்தது. இப்போதே தகரத்தின் விளிம்பு தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் சுவரின் தலைமண் பொலபொலவென்று உதிர்ந்தது.

கயிறு போட்டு இறுக்கு, மேலே கல்லை ஏற்று என்று ராமர் உள்ளிருந்து சொன்னான். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. கட்டின தகரம் காற்றோடு போகும்போது கழியை இழுக்கும், கழி சுவரை இழுக்கும், சுவர் கட்டில் மேல்தான் விழும்.

"கட்டப் போறதில்லங்க. கழட்டப் போறேன்" என்றாள்.

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தான். அவன் கையால் போட்ட கூரை அது, எந்த மழைக்கும் ஒழுகியதில்லை. கத்தினான், கெஞ்சினான், எழுந்து தடுக்கலாம் என்று காலை இறக்கப் பார்த்து வலியில் சாய்ந்தான். அதற்குள் அவள் ஏணியைச் சாத்திக் கடப்பாரையோடு ஏறியிருந்தாள்.

முதல் தகரம் லேசில் வரவில்லை. கழிகள்மேல் குப்புறப் படுத்து ஆணியை நெம்பினாள். நாலாவது தகரத்தில்தான் சூட்சுமம் பிடிபட்டது: காற்று மூச்சு வாங்குகிற இடைவெளியில் கழற்றி, அடுத்த வீச்சு வருமுன் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்கியதை மண்கரையோரம் அடுக்கிக் கல்லை ஏற்றினாள். உள்ளங்கை கிழிந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். ராமர் முகத்தில் மழை விழுந்தது.

ஐந்தாவது தகரம் இறங்கியபோது, "ஆணியத் தூரப் போடாத, எங்கிட்டக் கொண்டா" என்றான். அள்ளிக் கொடுத்தாள். வளைந்த ஆணிகளைக் கட்டில் சட்டத்தில் வைத்துக் கல்லால் தட்டி நிமிர்த்த ஆரம்பித்தான்.

கடைசி இரண்டு தகரத்தை அடுக்கில் சேர்க்கவில்லை. கட்டிலை மண்கரையோடு ஒட்டி இழுத்துப் போட்டு, அவற்றை மேலே சாய்த்து, மண் நிரப்பிய சாக்குகளை அடியில் முட்டுக் கொடுத்தாள். தரையில் தண்ணீர் தேங்கியது. முன்சுவரின் அடியைக் கடப்பாரையால் குத்தி ஓட்டை போட்டு அதை வெளியே விட்டாள். பிறகு அவனருகில் நுழைந்துகொண்டாள்.

பொழுது சாய, காற்று முழுசாக வந்தது. கீழே பக்கத்து வீட்டுக் கூரைகள் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இங்கே வெறும் கழிகளுக்கு நடுவே ஊளையிட்டுக் கடந்தது. பிடித்து இழுக்க அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அடுப்படிச் சுவர் கரைந்து வெளிப்பக்கமாகச் சரிந்தது. கால்களால் தகரத்தின் கீழ்விளிம்பை மிதித்துக்கொண்டிருந்தவள், தப்புப் பண்ணிவிட்டோமோ என்று வாய்விட்டே கேட்டாள்.

"புடி. விட்ராத" என்றான் ராமர். அவன் இரண்டு கையும் தகரத்தில்தான் இருந்தன.

விடிந்து வெகுநேரம் கழித்து, ஓடை வடிந்ததும் ஸ்டோரிலிருந்து சனம் திரும்பியது. ஒரு வீட்டிலும் கூரை இல்லை. சந்திரவல்லி மட்டும் கழிமேல் உட்கார்ந்து மூன்றாவது தகரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுச்சாமி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் பாதி வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. மூன்று வீட்டுப் பிள்ளைகள் ராமரின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "நேத்தே நாங்க கழட்டி வச்சுட்டோம்ல" என்றான் அவன். மேலே இருந்தவளுக்கு அது கேட்டது. சிரித்துக்கொண்டாள், திருத்தவில்லை.

மீதித் தகரத்தில் இரண்டைக் கைக்குழந்தைக்காரி வேலுத்தாய் வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். உன் அடுப்படி திறந்து கிடக்கிறதே என்றார் கண்ணுச்சாமி. சுவரே இல்லாத இடத்துக்குக் கூரை எதற்கு, முதலில் சுவரை எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.