அறுபதில் நின்ற அப்டேட்

அறுபதைத் தாண்டினால் போதும், அந்த லேப்டாப்புக்கு மூச்சு முட்டிவிடும். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று எண் ஏறும்போதே அடியில் விசிறி பேய்க்காற்று மாதிரி இரையும். பிறகு திரை பட்டென்று கறுத்துப்போகும். சற்று நேரம் கழித்துத் தட்டி எழுப்பினால், அப்டேட் முழுமையாகவில்லை, செய்த மாற்றங்களை நீக்குகிறோம், தயவுசெய்து கணினியை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் பணிவாக ஒரு வரி வரும்.

"நானா அணைச்சேன்? நீயா படுத்துக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றியா?" என்று பிரேமலா அதனுடன் சண்டை பிடிப்பாள்.

மலேசியாவின் கூலாயில் அந்தத் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டில் அவள் சண்டை பிடிக்க வேறு ஆளில்லை. கணவன் வசந்தன் தைப்பூசத்துக்கு மறுவாரம் போய்ச் சேர்ந்தான். மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமை பாலம் தாண்டி வந்து ஞாயிறு இரவு திரும்பிவிடுவாள். மற்ற நாட்களில் பிரேமலாவுக்குத் துணை மாலை வகுப்புதான். சிங்கப்பூரில் இருக்கும் சில பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய பாலர்பள்ளி வேலை முடிந்த பிறகு இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததும், லேப்டாப்பை வாங்கி வந்ததும் வசந்தன்தான். வாங்கிய கையோடு தன் பெயரிலேயே அதைப் பதிவும் செய்துவிட்டான்.

"வாத்தியாரு நான். உங்க பேருல இருந்தா எப்படிங்க?" என்று அன்று கேட்டாள்.

"வீடு உன் பேருல, ஓட்டுற காடி உன் பேருல. இது ஒண்ணாச்சும் எனக்கு இருக்கட்டும்மா."

அதனால் தினமும் மாலையில் மூடியைத் திறந்தால், 'வருக, வசந்தன்' என்று திரை ஆங்கிலத்தில் வரவேற்கும். அவன் போன பிறகும் அது நிற்கவில்லை. இயந்திரத்துக்கு யார் போய்ச் சாவுச் செய்தி சொல்வது? முதல் சில வாரங்கள் அந்த வரியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதெல்லாம் அதைப் பார்க்காமல் ஒரு நாள் முடிவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்த அப்டேட் வந்து சேர்ந்தது. மாத முடிவுக்குள் ஏற்றாவிட்டால் வகுப்பு நடத்தும் செயலி திறக்காது என்று எச்சரிக்கை வேறு.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாம்மா," என்றாள் லோஷினி போனில். "அது பழைய சாமான் லா. எத்தன தடவதான் அதோட மல்லுக்கட்டுவீங்க?"

"வேணாம். நல்லாத்தான் இருக்கு."

"எங்க நல்லா இருக்கு? தெனம் கெட்டுப்போய் ரோசாக் ஆகுதுன்னு நீங்கதான சொல்றீங்க?"

"தெனம் ரோசாக் ஆகுற ஆளோடயே இருவத்தெட்டு வருசம் குடும்பம் பண்ணியிருக்கேன். இது என்ன பெரிசு?"

மகள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பிரேமலா மகளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. எண் அறுபதை நெருங்கும்போது அறையில் சந்தன வாசம் வந்தது.

லேசாகத்தான். வசந்தன் ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று நெற்றியில் வைத்துக்கொள்வானே, அதே வாசம். முதல் தடவை வந்தபோது அவள் நாற்காலியோடு திரும்பிப் பார்த்தாள். பின்னால் அலமாரிதான் இருந்தது. சாமி மேடையில் அவள் விளக்கு ஏற்றுவதோடு சரி. அவன் போன பிறகு சந்தனம் கரைக்கவே இல்லை. மறுநாளும் அறுபதில் வாசம் வந்தது, திரை கறுத்தது, வாசமும் போனது. அதற்கப்புறம் அப்டேட்டுக்கான பொத்தானை அழுத்துவதற்கு முன் தலையை வாரிக்கொண்டு உட்காரத் தொடங்கினாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் வாரிக்கொண்டாள்.

வசந்தனும் சந்தனமும் என்றால் அவளுக்கு முதலில் நினைவு வருவது அந்தச் சேலைதான். செனாய் பக்கத்துப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். ஆயுத பூஜை வந்தால் அவன் கையில் ஒரு கிண்ணம் ஏறிவிடும். அங்கே இருக்கிற அத்தனை இயந்திரத்துக்கும், தூக்குவண்டிக்கும், சுவரில் தொங்கும் டார்ச் லைட்டுக்கும் பொட்டு வைப்பான். அவனுடைய சீன முதலாளியும் "மை மெஷின் ஃபர்ஸ்ட்" என்று வரிசையில் வந்து நிற்பாராம். வீட்டுக்கு வந்தால் கார், அரைக்கும் இயந்திரம், தையல் மெஷின், கடைசியில் லேப்டாப். மூடியின் நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஒரு வருடம் அது காய்வதற்குள் அவள் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினாள். போய் இறங்கிய பிறகுதான் பார்த்தாள், வெள்ளைச் சேலையில் மார்புக்கு நேராக மஞ்சளும் சிவப்புமாகப் பெரிய கறை.

"கத்திக்குத்து வாங்குனவ மாதிரி மேடையில நின்னேன்! கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க பொட்டு? அதுக்கென்ன பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"சோறு போடுற சாமான் பிரேமா. அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?"

"இனிமே இதுல ஒரு பொட்டப் பாத்தேன், அன்னிக்கு அடுப்பு எரியாது."

அடுத்த வருடத்திலிருந்து மூடியில் பொட்டு இல்லை. இத்தனை வருட வாழ்க்கையில் மனுஷன் ஒரே ஒரு விஷயத்திலாவது தன் பேச்சைக் கேட்டான் என்று பிரேமலா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள். இந்த வருடம் ஆயுத பூஜை வந்து போனது. வருடம் திரும்பாத வீடு என்பதால் எதற்குமே பொட்டு வைக்கவில்லை.

மாதம் முடியப்போகிறது என்றதும் வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஹேமநாதன் கடைக்குப் போனாள். மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் போன், கணினி எல்லாம் பழுதுபார்க்கும் சின்னக் கடை. வசந்தன் இருந்தவரை சாயங்காலங்களில் அங்கே உட்கார்ந்து அரட்டை அடிப்பான்.

ஹேமநாதன் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அண்ணி, உள்ள ஏதோ கோளாறு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்துறதுதான் வழி. படம், பாடம் எல்லாம் எடுத்து வெச்சுத் தந்துடுறேன். ஒண்ணும் போவாது."

"பேரு?"

"என்ன பேரு?"

"தொறந்தா அவரு பேரு வருமே."

ஹேமநாதன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் மேசைமேல் கிடந்த திருப்புளியை எடுத்துக் கீழே வைத்தான். "அது போயிடும் அண்ணி. உங்க பேருலயே அழகா போட்டுத் தரேன்."

"எனக்கு என் பேரு தெரியும் தம்பி."

அவன் மாமாக் கடையில் சொல்லித் தே தாரிக் தேநீர் வரவழைத்தான். பிரேமலா அதைத் தொடவில்லை.

"கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாருப்பா. அப்பவும் நின்னுச்சுன்னா அழிச்சிடு," என்றாள்.

அவன் நம்பிக்கையில்லாமல் பொத்தானை அழுத்தினான். எண் ஏறியது. விசிறி இரையத் தொடங்கியது. பிரேமலா தன்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. வந்துவிட்டது. இன்றோடு கடைசி என்று கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசத்தை இழுத்தாள்.

"அண்ணி," என்றான் ஹேமநாதன். "சந்தன வாசம் அடிக்குதுல்ல?"

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். "உனக்கும் அடிக்குதா?"

"நல்லாவே அடிக்குது." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்தான். விசைப்பலகை, பக்கவாட்டு, அடிப்பக்கம் என்று முகர்ந்துகொண்டு போனவன் சட்டென்று அப்டேட்டை நிறுத்தி, லேப்டாப்பை மெதுவாகக் கவிழ்த்தான். "அலமாக்! இங்க வாங்க அண்ணி. வந்து பாருங்க."

அடிப்பக்கம் ரப்பர் கால்களுக்கு நடுவே ஒரு பொட்டு. காய்ந்து, வெடித்து, ஓரம் உதிர்ந்த பொட்டு. மஞ்சளுக்கு மேல் சிவப்பு, அதற்கு மேல் மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. கரைத்த சந்தனம் ஒவ்வொரு முறையும் வழிந்து, பக்கத்தில் காற்றுப் போகும் கம்பியிடுக்குகளுக்குள் இறங்கி, கட்டிப்போயிருந்தது. ஹேமநாதன் திருகுகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தான். விசிறியின் வாயில் மாவு பூசியது போல் சந்தனம் அப்பியிருந்தது.

"காத்துப் போற வழி மொத்தமும் அடைச்சிருக்கு. சாதாரண வேலைக்குத் தாங்கியிருக்கு. அப்டேட் கனமான வேலை, சூடு ஏறி ஏறித் தானா அணைஞ்சிருக்கு," என்றான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "பேக்டரி முழுக்க மெஷினுக்கு வைத்தியம் பாத்த மனுசன், வீட்டு மெஷினோட மூக்க அடைச்சு வெச்சிருக்காரே!"

பிரேமலா அந்த அடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தன் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. அடுப்பு எரியாது என்று சொன்ன மறுவருடமே, அவள் குளிக்கப் போன நேரமோ கோவிலுக்குப் போன நேரமோ பார்த்து, லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படாத இடம் தேடிப் பொட்டு வைத்திருக்கிறான். போன வருடமும் வைத்திருக்கிறான். வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

"திருட்டு மனுசன்," என்றாள். சொன்னதும் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தைப்பூசத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஹேமநாதன் தூரிகையால் விசிறியைச் சுத்தம் செய்வதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டான்.

மறுபடி ஓட்டினார்கள். விசிறி சத்தமே இல்லாமல் சுழன்றது. அறுபது வந்தது, போனது. வாசம் வரவில்லை. வராது என்று தெரிந்தும் பிரேமலா எழுபது வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஆறிப்போன தே தாரிக்கை எடுத்துக் குடித்தாள்.

நூறு வந்தது. திரை கறுத்தது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். வெளிச்சம் வந்தது; எழுத்து புதிது, நிறம் புதிது. வரி மட்டும் பழையது. வருக, வசந்தன்.

"வந்துட்டாரு," என்றான் ஹேமநாதன்.

துணிப்பையில் லேப்டாப்பை வைத்துத் தந்தபோது எச்சரித்தான். "இனிமே இதுக்குப் பொட்டு வேணாம் அண்ணி."

"வருசம் திரும்பட்டும். எங்க வெச்சா மூக்கு அடைக்காதுன்னு நீயே காட்டு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சார்ஜரின் கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினான்.

வீட்டுக்கு நடக்கும்போது லோஷினி கூப்பிட்டாள். "என்னம்மா, சரியாயிடுச்சா? என்னவாம் அதுக்கு?"

"எல்லாம் உங்கப்பாதான்."

"அப்பாவா? அப்பா என்ன செஞ்சாரு?"

பிரேமலா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே லேப்டாப் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"சொன்ன பேச்சக் கேக்கல," என்றாள்.