புருவ அளவுக் கம்பு

என் வீட்டுக்காரர் ராஜவேலுவுக்கு யாருடைய முகமும் நினைவில் நிற்காது, புருவம்தான் நிற்கும். சிலம்பக் கம்பு ஆடுகிறவரின் புருவம் வரைக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆகையால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கம்பு கேட்டு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் நிறுத்தி, புருவத்துக்கு நேரே கரித்துண்டால் கோடு இழுத்து, பக்கத்தில் பெயரையும் எழுதிவிடுவார். ஒரு காலத்தில் அது வெள்ளையடித்த சுவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தொழிலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கம்பும் கையுமாகத்தான் திரிகிறார்கள். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம், எங்கள் வீட்டில் புகை. சித்தூர்ப் பக்கமிருந்து வரும் கல் மூங்கிலை ஊறப்போட்டு, உலர்த்தி, எண்ணெய் தடவித் தீயில் வாட்டுவது நான். சூடு ஆறுவதற்குள் மரக்கவையில் கொடுத்து அழுத்தி, வளைவை நிமிர்த்துவது அவர். பெயர் மட்டும் ராஜவேலு கம்பு.

தர்மன் மாஸ்டர் நடத்தும் சிலம்ப வகுப்பில் கம்புக் கட்டை இறக்கி வைக்கப் போன இடத்தில்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவளிடம், "சும்மா ஒரு சுத்து சுத்திப் பாரும்மா சுகாசினி" என்றார். அன்றிலிருந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதை வைத்து என்று கேளுங்கள். கணு வெடித்த கம்பு, நுனி கோணிய கம்பு, யாருக்கும் ஆகாமல் மூலையில் கிடந்த கம்பு. ஊருக்கெல்லாம் அளவெடுத்துச் செய்கிறவர் பெண்டாட்டிக்குக் கழிசலைத் தருவார். பெண்களுக்கான மாவட்டப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்த பிறகுதான், சண்டை போட்டுப் போட்டு என் தொண்டை வற்றிய பிறகுதான், ஒருநாள் என்னையும் சுவரோரம் நிறுத்தினார்.

"நேரா நில்லும்மா. மோவாயத் தூக்காத."

கோடு இழுத்து 'சுகா' என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கம்பை வாட்டும்போது, கருக்கிவிடாதே என்று தீயிடமே கெஞ்சினேன். வழவழவென்று, ஒரு பொட்டு வளைவு இல்லாமல் வந்தது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கம்பைக் காணோம்.

"எங்கங்க என் கம்பு?"

"அத்த ஏன் கேக்குற! திருப்புட்குழிலேர்ந்து ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சி, பேரு அபி. ஞாயித்துக்கெழம போட்டியாம், கம்பு ஒடைஞ்சிபூட்ச்சுன்னு அழுதுக்கினு நிக்குது. சொவத்துல நிக்க வெச்சேன். கரெக்டா உன் கோட்டு மேலயே வந்து நிக்குதும்மா அதும் புருவம்! ஒரு நூல் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல!"

ஏதோ அதிசயத்தைக் கண்டவர் போலச் சுவரைக் காட்டினார். என் பெயருக்குக் கீழேயே 'அபி' என்று எழுதியிருந்தது.

"அளவு ஒண்ணா இருந்தா குடுத்துடுவீங்களா? நாளைக்கி ஒருத்தி வந்து எனக்கும் இதே கழுத்துதான்னு நின்னா என் தாலியக் கழட்டிக் குடுத்துடுவீங்களா?"

"இன்னாம்மா நீ. வேற போட்டுத் தரேன்."

ஊறிக் காய்ந்து வருவதற்குள் போட்டி முடிந்து பந்தலையும் பிரித்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். அதோடு பேச்சை நிறுத்தினேன். தட்டை வைக்கிற சத்தத்தில்தான் அவருக்குச் சாப்பாடு என்றே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணு வெடித்த கம்போடு போனேன். பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல். கம்பு எதிராளி உடம்பில் பட்டால் புள்ளி; இருந்த கோபத்தில் எதிரே வந்தவர்களையெல்லாம் தொட்டுத் தள்ளி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். கப்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்படியொன்றை ஜெயிக்க வேண்டும் என்று அதுவரை நான் ஆசைப்பட்டதே இல்லை.

எதிரே வந்து நின்றது என் கம்பு. அதைப் பார்த்த பிறகுதான் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தேன். அபி. ஒல்லியாக, படபடப்பாக இருந்தாள். கம்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

மூங்கிலுக்கு அடி, நுனி உண்டு; வாட்டி நிமிர்த்தியவர் கண்ணுக்குத்தான் அது சட்டென்று தெரியும். கனமான அடிப்பக்கம் கைக்குள் இருக்க வேண்டும், நுனி எதிராளியைப் பார்க்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் முனை கனத்துக் கை அசந்துபோகும். இதை எல்லாரிடமும் சொல்லி அனுப்புகிற மனிதர், புருவம் பொருந்திய சந்தோஷத்தில் இவளிடம் சொல்ல மறந்திருக்கிறார். அதே பிடியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்றால் கெட்டிக்காரிதான். ஆனால் கை ஓய்ந்துபோயிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். இரண்டு பேரும் தரையைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தோம். நான் பார்த்துப் பார்த்து வாட்டிய கம்பு கண்ணுக்கு நேரே, அடி என் பக்கமும் நுனி அவள் கைக்குள்ளுமாக இருந்தது. உடம்பெல்லாம் அரித்தது.

"பாப்பா, கம்பத் திருப்பிப் புடி. அடி கைக்குள்ள வரணும்."

திருப்பிப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "செம்மையா இருக்குதுக்கா! தாங்க்ஸ்க்கா!" கோட்டுக்கு வெளியே தர்மன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். விசுக் விசுக்கென்று வந்தது என் கம்பு. தோளைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது. நானும் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றேன்.

அழுதேன். தோற்றதற்குத்தான் அழுதேன், வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. அபி கப்போடு வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டாள். அதில் என் மூக்கு சிவந்திருக்கும்.

பைக் அருகே வீட்டுக்காரர் நின்றிருந்தார். இரண்டு நாள் மௌனத்தை நானே உடைத்தேன்.

"எல்லாம் உங்களாலதான். என் கம்பத் தூக்கி அவகிட்ட குடுத்தீங்களே!"

"நான் கம்பத்தாம்மா குடுத்தேன். நீ கப்பையே குடுத்துட்டியே."

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முதுகில் ஒன்று வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் பொண்ணு தலைகீழா புடிச்சிக்கினு இருந்தத காலைலியே பார்த்தேன். ஓடிப்போய் சொல்லலாம்னு கால் பரபரன்னுச்சி. நீ ஜெயிக்கணும்னு பல்லக் கடிச்சிக்கினு ஒக்காந்துட்டேன்."

காலையிலிருந்து, ஒவ்வொரு சுற்றிலும், ராஜவேலு கம்பு தலைகீழாகச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு இந்த மனிதர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக அவர் இவ்வளவு பெரிய காரியம் எதையும் செய்ததில்லை. வண்டியில் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.